டில்லிக்குக் குடிபோனோம்

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். இதை முதன்முதலில் சொன்ன பெரியவர் எந்த ஊர்க்காரரோ, நாம் அறியோம். ஆனால் ஒன்று மட்டும் நிச்சயம். அவர் உத்தியோக மாற்றல் உத்தரவு ஒன்றைக் கையில் வாங்கிக் கொண்டு, மனைவி மக்களுடனும் வயதான தாயாருடனும் தேசத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குக் குடிபோனவர் அல்ல. போயிருந்தால், "குடித்தனத்தை மாற்றிப் பார்" என்று மூன்றாவதாக ஒரு வாக்கியத்தையும் சேர்த்திருப்பார். ஒருவேளை அதையே முதலாவதாக வைத்திருப்பார்.

நமக்கு அந்த உத்தரவு 2017-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் வந்தது. கும்பகோணத்திலிருந்து டில்லிக்கு! சம்பள உயர்வும் உண்டு என்று அதில் ஒரு வரி இருந்தபடியால், நமது சகதர்மிணி அதை இரண்டு தடவை வாசித்தாள். பன்னிரண்டு வயதுக் குமாரி துள்ளிக் குதித்தாள். தாயார் மட்டும் ஒன்றும் பேசவில்லை. அவருக்கு அப்போது வயது எழுபத்தொன்று. கல்யாணமாகி அந்த வீட்டில் அடியெடுத்து வைத்து 51 வருஷங்கள் ஆகியிருந்தன.

"நான் இங்கேயே இருந்துவிடுகிறேனே, எனக்கு என்ன குறை?" என்றார் மறுநாள் காலையில்.

குறை ஒன்றும் இல்லைதான். ஆனால் முந்திய மழைக் காலத்தில் கொல்லைப்புறத்தில் வழுக்கி விழுந்து, பக்கத்து வீட்டார் வந்து தூக்கும் வரையில் அரை மணி நேரம் அவர் தனியாகக் கிடந்ததை அவரும் மறக்கவில்லை; நாமும் மறக்கவில்லை. ஆகவே, "மூன்று வருஷம்தான், அம்மா! அப்புறம் திரும்பி வந்துவிடலாம்" என்று வாக்குறுதி கொடுத்தோம். வீட்டைப் பூட்டினோம். சாவியைத் தாயார் வாங்கி இடுப்பில் செருகிக் கொண்டார்.

ஆறுகளைக் கடந்து

இந்தக் காலத்தில் ஜாகை மாற்றுவது முக்கால் பங்கு காகித வேலை. பள்ளிக்கூடத்தில் மாற்றுச் சான்றிதழ் வாங்க வேண்டும். சமையல் வாயு ஏஜெண்டிடம் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து அதற்கொரு சீட்டுப் பெற வேண்டும். அந்தச் சீட்டைப் புது ஊர் ஏஜெண்டிடம் காட்டினால்தான் அங்கே அடுப்பு எரியும். இவற்றையெல்லாம் முடித்துச் சாமான்களை 26 அட்டைப் பெட்டிகளில் அடைத்தோம். ஒவ்வொன்றின் மேலும் நம்பர் போட்டு, உள்ளே இருப்பதைக் குமாரி எழுதி ஒட்டினாள். பதினான்காம் நம்பர்ப் பெட்டியில், "வெண்கலப் பானை, தாம்பாளம், குத்துவிளக்கு – பாட்டியுடையது" என்று எழுதியிருந்தது.

பெட்டிகள் லாரியில் போயின. நாம் ரயிலில் போனோம். சென்னை சென்ட்ரலில் இரவு பத்து மணிக்குப் புறப்படும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ், புது டில்லி வரையில் சுமார் 2,180 கிலோ மீட்டர் ஓடுகிறது. ஏறக்குறைய 33 மணி நேரப் பிரயாணம். ஆகாய விமானத்தில் மூன்று மணிக்குள் போய்விடலாமே என்று சிலர் கேட்டார்கள். போகலாம். ஆனால் வயதானவர்கள் ஊரை விட்டுப் போகும்போது, தாம் எவ்வளவு தூரம் வந்தோம் என்பதைக் கண்ணால் பார்த்துக் கொண்டே போவது நல்லது என்பது நம் அபிப்பிராயம்.

தாயார் பார்த்துக் கொண்டேதான் வந்தார். பெஜவாடாவை நெருங்கியபோது இன்னும் இருட்டாயிருந்தது. கிருஷ்ணையின் பாலத்தில் வண்டி தடதடவென்று ஓடிய சப்தத்தில் எழுந்து உட்கார்ந்து கும்பிட்டார். காலையில் கோதாவரி வந்தது. இருட்டிய பிறகு நர்மதை வந்தது. நடுநிசிக்குப் பிறகு சம்பல் நதியைக் கடந்தபோது நாம் எல்லோரும் தூக்கம். அவர் மட்டும் விழித்திருந்தாராம்.

"நாலு பெரிய ஆறு தாண்டியாகிவிட்டது. இனிமேல் நடந்தா திரும்பிப் போக முடியும்?" என்றார் விடியற்காலையில்.

தரையில் படுத்த பதினோரு நாள்

டில்லியில் நாம் பிடித்திருந்த ஜாகை பழைய ராஜேந்திர நகரில் ஒரு வீட்டின் இரண்டாவது மாடி. வெள்ளையடித்துச் சுத்தமாக இருந்தது. குழந்தைகளுக்குக் கதை சொல்வது போல் காலி அறைகள் நாம் பேசியதைத் திருப்பிச் சொல்லின. ஐந்து நாளில் வரவேண்டிய லாரி வரவில்லை. அந்தக் கம்பெனியாருக்கு டெலிபோன் செய்த போதெல்லாம், லாரி நாக்பூரில் இருப்பதாகச் சொன்னார்கள். நாக்பூர் அழகான நகரமாகத்தான் இருக்க வேண்டும். லாரிக்கு அதை விட்டு வர மனமில்லை.

நவம்பர் முதல் வாரம். இரவில் தரை சில்லிட்டது. முதல் நாள் மாலை, கீழ்த்தளத்தில் குடியிருந்த பஞ்சாபிக் குடும்பத்தின் பேத்தி, தலை தெரியாமல் எதையோ சுமந்துகொண்டு மாடியேறி வந்தாள். நான்கு ரஜாய்கள்! ரஜாய் என்பது பஞ்சு அடைத்த கனத்த போர்வை. "பீஜி அனுப்பினார்" என்றாள். பஞ்சாபில் வீட்டுப் பெரியவளைப் பீஜி என்பார்கள். இந்தப் பீஜி அவளுடைய பாட்டி.

நாம் நன்றி சொல்லி வாங்கிக் கொண்டோம். தாயார் வாங்கவில்லை. "வந்து நாலு மணி நேரம் ஆகவில்லை, அதற்குள் ஊரார் போர்வையா? என் புடவை எனக்குப் போதும்" என்று இரண்டு புடவைகளைச் சேர்த்துப் போர்த்திக் கொண்டு படுத்தார். அன்றிரவு அவர் தூங்கினாரோ இல்லையோ, மறுநாள் இரவு ஒரு ரஜாய் அவர் மேல் கிடந்தது. எப்படி வந்தது என்று நாம் கேட்கவில்லை; அவரும் சொல்லவில்லை.

பதினோராம் நாள் லாரி வந்தது. இரண்டு பெட்டிகள் நனைந்திருந்தன. கிரைண்டரின் கல் பிளந்திருந்தது. மற்றவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்து அடுக்கினோம். காலிப் பெட்டிகளைத் தூக்கியெறியப் போனபோது தாயார் தடுத்துவிட்டார்.

"திரும்பிப் போகும்போது வேண்டாமா?" என்றார்.

ஒவ்வொரு பெட்டியையும் மடித்துத் தம் கட்டிலுக்கு அடியில் அடுக்கினார். பதினான்காம் நம்பர்ப் பெட்டியை மட்டும் பிரிக்கவே விடவில்லை. கட்டினது கட்டினபடியே அது சுவரோரத்தில் உட்கார்ந்திருந்தது.

நமக்கு முன் போனவர்கள்

நேயர்கள் நம்மை முதன்முதலில் டில்லிக்குக் குடிபோன தமிழர் என்று எண்ணிவிடக் கூடாது. 1911-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் தேதி, தலைநகரம் கல்கத்தாவிலிருந்து டில்லிக்கு மாறும் என்று ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் அறிவித்தார். 1931-ஆம் ஆண்டு பிப்ரவரியில் புது டில்லியின் திறப்பு விழா நடந்தது. இங்கிலீஷும் கணக்கும் கற்ற தென்னாட்டு இளைஞர்கள் சர்க்கார் காரியாலயங்களை நாடி வடக்கே வந்தார்கள். பிரிட்டிஷ் ஆட்சியில் கோடை வந்தால் காரியாலயங்கள் சிம்லா மலைக்கு ஏறிவிடும். குளிர் வந்தால் டில்லிக்கு இறங்கிவிடும். உடன் போன குமாஸ்தாக்கள் வருஷத்துக்கு இரண்டு முறை மூட்டை கட்டினார்கள். ஒரு முறை கட்டியதற்கே இவ்வளவு நீளமாகப் புலம்புகிற நாம் அவர்களை நினைத்து வெட்கப்பட வேண்டும்.

அவர்கள் வெறுமனே இருந்துவிடவில்லை. குழந்தைகள் தமிழை மறந்துவிடக் கூடாது என்று, 1923-ஆம் ஆண்டிலேயே கல்விப் பணி ஒன்றைத் தொடங்கினார்கள். டில்லித் தமிழ்க் கல்விக் கழகம் இப்போது ஏழு பள்ளிகளை நடத்துகிறது. 1946-ல் டில்லித் தமிழ்ச் சங்கம் தோன்றியது. 1973-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ராமகிருஷ்ணபுரத்துக் குன்றின் மேல் சுவாமிநாத சுவாமி கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நடந்தது. கரோல்பாக்கில் காப்பிக் கொட்டை வறுக்கும் மணமும், ஐ. என். ஏ. மார்க்கெட்டில் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் நமக்குக் கிடைப்பது அவர்கள் போட்ட பாதையினால்தான்.

இத்தனை இருந்தும் நம் வீட்டில் பருப்பு வேகவில்லை. அந்தத் தெருவில் நிலத்தடி நீரையும் கலந்துதான் உபயோகித்தார்கள். அது கடினமான நீர். அதில் உள்ள சுண்ணாம்புச் சத்து பருப்பிலுள்ள பசையோடு சேர்ந்து அதை இறுக்கிவிடும். எவ்வளவு கொதித்தாலும் பருப்பு மலராது. இரவே ஊறவைத்து, வடிகட்டும் இயந்திரத்தின் நீரில் வேகவிட்ட பிறகுதான் சாம்பார் சாம்பாராயிற்று.

அதற்குள் வேறொரு விபரீதம். நவம்பர் இரண்டாம் வாரத்தில் ஊர் முழுவதும் புகை சூழ்ந்தது. எதிர் வீடு கண்ணுக்குத் தெரியவில்லை. நவம்பர் 8 முதல் சில நாட்கள் பள்ளிக்கூடங்களையே மூடிவிட்டார்கள். தாயார் ஜன்னலைச் சாத்திவிட்டு, "ஏண்டா, இந்த ஊரில் போகி இரண்டு மாசம் முன்னாலேயே வந்துவிடுமா?" என்று கேட்டார்.

பொங்காத மாவு

எல்லாவற்றையும் பொறுத்துக் கொண்டவர், டிசம்பரில் இட்லி மாவு பொங்காததை மட்டும் பொறுக்கவில்லை.

அரைத்த உளுந்திலும் அரிசியிலும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் பெருகி, புளிப்பையும் வாயுவையும் உண்டாக்குவதனால்தான் மாவு பொங்குகிறது. கும்பகோணத்தின் இரவு வெப்பம் அவற்றுக்கு ஏற்றது. டிசம்பர் மாத டில்லியில் இரவில் எட்டு டிகிரி, சில நாள் அதற்கும் கீழே. நுண்ணுயிர்களும் நம்மைப் போலவே சுருண்டு படுத்துவிட்டன. இரண்டு நாள் வைத்தும் மாவு ஊற்றினது ஊற்றினபடி இருந்தது. வார்த்த இட்லியைக் கீழே போட்டால் தரைக்குச் சேதம்.

"மாவுகூடப் பொங்க மாட்டேன் என்கிற ஊரில் மனுஷர் எப்படி இருப்பது?" என்று சொன்ன தாயாரின் குரல் தழுதழுத்தது. வந்த நாளிலிருந்து அவர் கண் கலங்கி நாம் பார்த்தது அன்றுதான்.

பீஜி அன்று வெயில் காய்வதற்காக மொட்டை மாடிக்குப் போய்க் கொண்டிருந்தவர், திறந்திருந்த கதவு வழியாகப் பாத்திரத்தையும் தாயாரின் முகத்தையும் பார்த்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. தாயாருக்கு ஹிந்தி தெரியாது. ஆனால் உறை ஊற்றின தயிர் குளிரில் தோயாமல் போனால் என்ன செய்வது என்று அந்த ஊர்ப் பெண்டிர் எல்லோருக்கும் தெரியும். மாவில் விரலை விட்டுப் பார்த்தார். "டண்டா ஹை" என்றார். பாத்திரத்தை வெந்நீரில் சற்று நேரம் வைக்கச் சொன்னார். பிறகு தாம் போர்த்திருந்த கம்பளிச் சால்வையைக் கழற்றி அதைச் சுற்றிக் கட்டிக் கீழே தூக்கிக் கொண்டு போய், ரஜாய்கள் வைக்கும் பெட்டிக்குள் இறக்கி மூடினார்.

மறுநாள் காலை கீழ் வீட்டிலிருந்து ஒரு கூக்குரல் கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தோம். மாவு பொங்கியிருந்தது! பொங்கினது மட்டுமா? மூடியைத் தள்ளிக் கொண்டு வழிந்து, சால்வையை நனைத்து, ஒரு ரஜாயின் மேல் பாதி தூரம் பிரயாணம் செய்திருந்தது. நமது சகதர்மிணி வெலவெலத்துப் போனாள். பீஜியோ வயிற்றைப் பிடித்துக் கொண்டு சிரித்தார். தாயாரும் சிரித்தார். டில்லிக்கு வந்த பிறகு அவர் சிரித்ததும் அன்றுதான்.

அன்று பிற்பகல், தாயார் தம் கையாலேயே வார்த்த இட்லிகளை எடுத்துக் கொண்டு கீழே போனார். மொழிபெயர்ப்புக்குக் குமாரியும் கூடப் போனாள். தெருப் பிள்ளைகளுடன் விளையாடி இரண்டே மாதத்தில் அவள் ஹிந்தியைப் பிடித்துவிட்டிருந்தாள்.

இரண்டு சாவிகள்

பீஜியின் கதையை நாம் குமாரியின் வாய்மொழியாகத்தான் அறிந்தோம். அவர் பிறந்தது ராவல்பிண்டியில். 1947-ல் தேசம் இரண்டாகப் பிரிந்தபோது அவருக்கு எட்டு வயது. ஒரு நாள் மாலை, அடுப்பில் வைத்ததை வைத்தபடி விட்டுவிட்டுக் குடும்பம் புறப்பட்டது. கொஞ்ச நாளில் திரும்பிவிடலாம் என்று அவருடைய தாயார் வீட்டைப் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்து கொண்டாராம்.

அப்படிப் புறப்பட்டு டில்லிக்கு வந்து சேர்ந்தவர்கள் சுமார் ஐந்து லட்சம் பேர். அதே மாதங்களில் டில்லியிலிருந்து ஏறத்தாழ மூன்று லட்சம் முஸ்லிம்கள், தாங்கள் பிறந்த வீடுகளை விட்டுப் போனார்கள். அவர்களிலும் எத்தனை பேர் சாவியை முடிந்து கொண்டு போனார்களோ! வந்தவர்கள் கூடாரங்களிலும் பழைய கோட்டைகளிலும் தங்கினார்கள். பிறகு அவர்களுக்காகக் கட்டப்பட்ட குடியிருப்புகளில் ஒன்றுதான் நாம் குடியிருந்த ராஜேந்திர நகர். நமது முதல் ராஷ்டிரபதியின் பெயரைத் தாங்கியது.

பீஜியின் தாயார் சாகும் வரையில் அந்தச் சாவியை வைத்திருந்தாராம். கொண்டு வந்த மூட்டைகளில் ஒன்றைப் பிரிக்கவே இல்லையாம். அதற்குள் என்ன இருந்தது என்று அவர் போன பிறகுதான் பார்த்தார்களாம். குழந்தைகளின் குளிர்காலத் துணிகள். அவற்றைப் போட்டுக் கொள்ள வேண்டிய குழந்தைகள் எல்லோரும் அதற்குள் பெரியவர்களாகிவிட்டிருந்தார்கள்.

இதைச் சொல்லிவிட்டுப் பீஜி, தாயாரின் இடுப்பில் இருந்த சாவியைத் தொட்டுக் காட்டி ஏதோ சொன்னார். குமாரி அதைத் தமிழில் சொன்னாள்:

"பாட்டி! 'எங்கள் அம்மாவின் சாவிக்கு வீடு இல்லை. உன் சாவிக்கு வீடு இருக்கிறது. நினைத்த நாளில் ரயில் ஏறலாம். அப்படியிருக்க, ஏன் பயப்படுகிறாய்? இருக்கிற மட்டும் சௌகரியமாக உட்கார்' என்கிறார்."

தாயார் பதில் சொல்லவில்லை. மாடிக்கு வந்த பிறகும் வெகு நேரம் பேசவில்லை.

பதினான்காம் நம்பர்ப் பெட்டி

2018-ஆம் ஆண்டு ஜனவரி 13-ஆம் தேதி நமக்குப் போகி. பஞ்சாபியருக்கு அன்று லோஹ்ரி. இரவில் தெருவில் தீ மூட்டி, எள்ளும் வெல்லமும் பொரியும் வேர்க்கடலையும் அதில் போட்டுச் சுற்றி வந்து பாடுவார்கள். பீஜி ஆள் மேல் ஆள் அனுப்பினார். போகித் தீ என்றால் ஏதேனும் பழையதைப் போட வேண்டுமல்லவா? இரண்டரை மாதக் குடித்தனத்தில் பழையதற்கு எங்கே போவது என்று நாம் விழித்தோம்.

தாயார் ஒன்றும் சொல்லாமல் தம் அறைக்குப் போனார். சற்று நேரத்தில் ஒரு காலி அட்டைப் பெட்டியுடன் வெளியே வந்தார். அதன் மேல் 14 என்று எழுதியிருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தோம். குத்துவிளக்கு சுவாமி மாடத்தில் நின்றது. வெண்கலப் பானை அடுப்படியில் கவிழ்ந்திருந்தது.

"மற்றப் பெட்டிகளையும் எடுத்துக் கொண்டு வரட்டுமா, பாட்டி?" என்று குமாரி ஆவலாகக் கேட்டாள்.

"வேண்டாம். இந்த ஊரில் இருக்கிற புகை போதாதா? அவற்றைப் பழைய காகிதக்காரனுக்குப் போட்டுவிடு" என்றார் தாயார்.

மறுநாள் மொட்டை மாடியில் பொங்கல். கரும்பு தாராளமாகக் கிடைத்தது. மஞ்சள் கொத்து கிடைக்கவில்லை. விரலி மஞ்சளை நூலில் கோத்துப் பானையின் கழுத்தில் கட்டினோம். சூரியனையும் காணவில்லை. ஒரே மூடுபனி. எந்தப் பக்கம் பார்த்துக் கும்பிடுவது என்று தெரியாமல் நின்றபோது, பீஜி கிழக்கே கை காட்டி, "வருவார், வருவார்; பதினோரு மணிக்கு மேல் வருவார்" என்றார். சூரிய பகவானுக்கும் டில்லியில் காரியாலய நேரம்தான் போலிருக்கிறது. அவருக்காகக் காத்திராமல் பால் பொங்கியது. "பொங்கலோ பொங்கல்!" என்று நாம் நால்வர் கூவ, கீழ் வீட்டார் ஆறு பேர் அவர்களுக்கு வந்தபடி கூவினார்கள்.

மூன்று வருஷம் என்று கொடுத்த வாக்குறுதி நீண்டுவிட்டது. இடையில், 2021-ஆம் ஆண்டு சித்திரையில் கொடிய தொற்றுநோய் டில்லியைச் சூறையாடியபோது பீஜி மறைந்தார். யாரும் யார் வீட்டுக்கும் போக முடியாத நாட்கள் அவை. தாயார் தாழ்வாரத்தில் நின்று கீழே பார்த்துக் கும்பிட்டார், அவ்வளவுதான் முடிந்தது. கும்பகோணத்துச் சாவி இன்னும் அவர் இடுப்பில்தான் இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு முறை போய்க் கதவைத் திறந்து, ஒட்டடை அடித்து, ஒரு மாதம் இருந்துவிட்டு வருகிறோம். டில்லித் தண்ணீரைப் பற்றி அவருடைய அபிப்பிராயமும் மாறவில்லை.

குடிபோகிறவர்களுக்கு உலகத்தார் பல யோசனைகள் சொல்வார்கள். சாமான்களுக்கு நம்பர் போடு, காகிதங்களைக் கையோடு வைத்துக் கொள், கிரைண்டர் கல்லை வைக்கோலில் பொதி என்பார்கள். எல்லாம் சரியே. நாம் சொல்வது ஒன்றுதான். போன முதல் வாரத்திலேயே பக்கத்து வீட்டில் ஏதாவது ஒன்றைக் கடன் வாங்குங்கள். கொடுத்தால் வாங்கிக் கொள்ள வெட்கப்படாதீர்கள். யாருக்கும் எதுவும் கடன்படாமல் இருக்கிற வரையில் நாம் அந்த ஊருக்கு விருந்தாளிதான்.

இரண்டு வருஷங்களுக்கு முன் கார்த்திகை மாதத்தில் மேல் மாடிக்கு அஸ்ஸாமிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. சாமான் லாரி வரவில்லை. அன்று மாலை தாயார் அலமாரியைத் திறந்து, பீஜி கொடுத்துத் திரும்ப வாங்கிக் கொள்ளாத நான்கு ரஜாய்களையும் எடுத்தார். படியேறும்போது நாம் கையை நீட்டினோம். வேண்டாமென்று தலையை ஆட்டிவிட்டு, இரண்டைத் தாமே சுமந்து கொண்டு, இரண்டைப் பேத்தியிடம் கொடுத்து, மெதுவாக ஏறிப் போய்க் கதவைத் தட்டினார்.

"டண்டா ஹை, லே லோ" என்று சொன்னது நமக்குக் கீழே கேட்டது. சுத்தமான கும்பகோணத்து ஹிந்தி.